திறக்காமல் போகிறவர்களுக்கும் அதுதான் செய்தி

தமிழில் நல்ல காணொளி செய்து, அதற்குப் பொய்த் தலைப்பு வைக்கும் நண்பர்களுக்கு,



உயிரோடிருக்கும் நடிகரின் படத்துக்கு மாலை போட்டுக் காசு பார்ப்பவர்களுக்கும், எலுமிச்சைச் சாற்றில் புற்றுநோய் கரையும் என்பவர்களுக்கும் நான் எழுதவில்லை. தாங்கள் செய்வது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். நான் எழுதுவது உங்களுக்கு. மருத்துவமனையில் பகல் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் கேமரா முன் உட்காருகிறவர்களுக்கு, உணவியல் படித்தவர்களுக்கு, செயற்கைக்கோள் படத்தை வைத்து மழையைக் கணிக்கத் தெரிந்தவர்களுக்கு, பழைய சினிமாவைப் பற்றி ஆதாரத்தோடு பேசுகிறவர்களுக்கு. பதினைந்து நிமிடம் பொறுமையாக, நேர்மையாகப் பேசுகிறீர்கள். பிறகு அந்தப் பேச்சின் நெற்றியில், அதற்கு நேர் எதிரான ஒரு வரியைச் சிவப்பிலும் மஞ்சளிலும் ஒட்டி அனுப்புகிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது பாதி வேலை. வாங்கிப்போனதைச் சாப்பிட வைப்பது மீதி வேலை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்குகிறவர்கள் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரிதான். அவர்கள் இப்போதெல்லாம் சீட்டோடு சேர்த்துக் கைப்பேசியையும் நீட்டுகிறார்கள்.

அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். “தம்பி, எல்லாத்தையும் குடுங்க, இந்த ஒன்ன மட்டும் எடுத்துடுங்க. நரம்ப அரிச்சிடுமாம்” என்றார். அவர் விரல் வைத்த மாத்திரை மெட்ஃபார்மின். யார் சொன்னதும்மா என்று கேட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த யூடியூப் அட்டையைக் காட்டினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மருத்துவர் ஒருவர் கன்னத்தில் கைவைத்து நிற்கிறார். பக்கத்தில் ஒரு கால், அதில் மின்னல் வெட்டியது போல் சிவப்புக் கோடுகள். ‘இந்தச் சுகர் மாத்திரை நரம்பைக் கொல்லும்! உடனே நிறுத்தணுமா?’ அந்த அம்மா அதைத் திறந்து பார்க்கவில்லை. அவர் வீட்டில் யாரும் திறந்து பார்க்கவில்லை.

அன்றிரவு நான் பார்த்தேன். அந்த மருத்துவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு உடலில் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகலாம், எரிச்சல் வரலாம். ஆகவே நீண்ட நாளாகச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; குறைந்திருந்தால் மாத்திரையாகவோ ஊசியாகவோ ஈடுசெய்துவிடலாம்; மெட்ஃபார்மினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இவ்வளவையும் தெளிவாக, நோயாளியை மதிக்கிற குரலில் சொல்லியிருந்தார். கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். பல வகுப்பறைகளில் கிடைக்காத நல்ல பாடம் அது. ஆனால் அந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது அந்தப் பாடத்தின் எதிர்ப்பதம். காலில் மரத்துப்போதல் வருவதற்குப் பெரிய காரணமே கட்டுக்கடங்காத சர்க்கரைதான். நரம்புக்குப் பயந்து மாத்திரையை விட்டவர், அந்தப் பயத்தாலேயே நரம்பை இழக்கிற வழியில் போய் நிற்கிறார்.

நான் அவருக்கு எடுத்துச் சொல்லி மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரிய வழியில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்தால் தெரியும். உங்கள் யூடியூப் ஸ்டூடியோவின் வரைபடத்தில் அது வராது. எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனையாவது நொடியில் விலகினார்கள் என்றெல்லாம் அந்த வரைபடம் சொல்லும். திறக்காமல் கடந்துபோனவர் வீட்டுக்குப் போய் என்ன செய்தார் என்று சொல்லாது.

அந்தத் திறக்காதவரைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். தன் தளத்தில் உள்ள சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு, தம்ப்நெயில் என்ற அந்த அட்டைப் படம் காட்டப்படும் 100 தடவைக்கு 2 முதல் 10 தடவைதான் திறக்கப்படுகிறது என்று யூடியூப் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நன்றாக ஓடுகிற காணொளி, 100க்கு 6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் தடவை திரையில் தோன்றினால் திறக்கப்படுவது 6,000 தடவை. மீதி 94,000 தடவை உங்கள் படமும் தலைப்பும் மட்டும் கண்ணில் பட்டுப் போகின்றன. நீங்கள் பதினோராம் நிமிடத்தில் சொல்லும் ‘ஆனால்’ அங்கே யாருக்கும் கேட்பதில்லை. உங்கள் பார்வையாளர்களில் பெரும்பகுதி உங்கள் காணொளியைப் பார்க்காதவர்கள். அவர்களுக்கு நீங்கள் சொன்ன ஒரே செய்தி அந்த அட்டைதான்.

வாட்ஸ்அப்பில் இது இன்னும் கூடுதல். இணைப்பை ஒருவர் பகிர்ந்தால் அங்கே வந்து நிற்பது படமும் தலைப்பும்தான். சித்தி பெரியம்மாவுக்கு அனுப்புவார், பெரியம்மா சம்பந்தி வீட்டுக் குழுவுக்கு அனுப்புவார். டேட்டா தீர்ந்திருக்கும், நேரம் இருக்காது, கண்ணாடியைத் தேடி எடுக்கச் சோம்பலாக இருக்கும். ‘டாக்டரே சொல்லியிருக்கார்’ என்ற ஒரு வரியோடு அது ஊர் சுற்றும். உங்கள் வெள்ளைக் கோட்டும் உங்கள் முகமும் அதற்குச் சாட்சி. போலி மருத்துவர் ஒருவர் சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் பலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். உங்களை நம்புகிறார்கள்.

‘உள்ளே எல்லாம் விளக்கியிருக்கிறோமே’ என்பது நீங்கள் சொல்லும் முதல் பதில். அதற்கான மறுமொழியை மேலேயே சொல்லிவிட்டேன். ‘கேள்விக்குறி போட்டிருக்கிறோமே’ என்பது இரண்டாவது. எண்பது வயதுப் பெரியவர் கை நடுங்கத் திரையைத் தள்ளும்போது ‘நரம்பைக் கொல்லும்’ என்பது பெரிய எழுத்தில் தெரிகிறது. மூலையில் இருக்கும் கேள்விக்குறி அவர் கண்ணில் விழுவதில்லை. வழக்கு வந்தால் உங்களைக் காப்பாற்றலாம் என்று வைக்கப்பட்ட குறி அது. அவரைக் காப்பாற்ற வைக்கப்பட்டதல்ல.

நம் நாட்டில் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடந்த ஆய்வு 2023இல் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. களப்பணியாளர்களான பெண்கள் வீடு வீடாக நடந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வயல் வேலைக்குப் போகிறவர் மருத்துவமனையில் பாதி நாள் வரிசையில் நின்று கூலியை இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. அப்படி வீட்டு வாசல்வரை வந்த மாத்திரை, வீட்டுக்குள் கைப்பேசியில் மின்னும் ஒரு வரியால் அலமாரியிலேயே கிடந்துவிட்டால், அந்தப் பெண் நடந்த நடைக்கு நாம் என்ன பதில் சொல்வது? சில ரத்த அழுத்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட மேலே எகிறலாம். வலிப்புக்கான மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரலாம். ஸ்டீராய்டை நீண்ட நாள் சாப்பிட்டவர் ஒரே நாளில் விட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரான உங்களுக்கு இது பாடம் அல்ல. தெரிந்தும் ‘உடனே நிறுத்தணுமா?’ என்று எழுத எப்படி மனம் வருகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வானிலை பேசுகிறவர்களிடமும் இதையே சொல்ல வேண்டும். துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. கடலில் தொலைவில் இருக்கிறவர் கண்ணில் படுவதற்காக ஏற்பட்டது அது. அவர் துறைமுக அலுவலகத்துக்கு வந்து விளக்கம் கேட்கப்போவதில்லை. கூண்டைப் பார்ப்பார், முடிவெடுப்பார். அதனால்தான் தேவையில்லாத நாளில் யாரும் அதை ஏற்றுவதில்லை. உங்கள் தம்ப்நெயிலும் அப்படி ஒரு கூண்டு. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானதுமே சுழலும் ராட்சதக் கண்ணையும், மூழ்கிய பேருந்தையும், ‘தமிழகத்தை விழுங்க வரும்’ என்ற வரியையும் ஏற்றிவிடுகிறீர்கள். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று படிப்படியாக வலுத்து, காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல். பல தாழ்வுப் பகுதிகள் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. காணொளிக்குள் இதை நீங்களே அழகாக விளக்குகிறீர்கள்.

எங்கள் பக்கம் அக்டோபரில் குறுவை அறுவடை ஓடிக்கொண்டிருக்கும், வடகிழக்குப் பருவமழையும் வாசலில் நிற்கும். கதிர் இன்னும் முற்ற வேண்டும் என்று தெரிந்தும், மழைக்குப் பயந்து அறுவடை இயந்திரத்துக்கு அலைகிற நாட்கள் அவை. ஒரு நாள் முந்தினால் நெல்லில் ஈரம் கூடுதலாக இருக்கும், கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் பிந்தினால் கதிர் சாய்ந்துவிடும். அந்த முடிவை எடுக்கிறவர் கையில் உங்கள் அட்டை இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாங்கள் பார்த்தவர்கள். எச்சரிக்கையை எங்கள் மக்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சென்னைக்காரர்களும் அப்படித்தான், 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயல் மழையையும் பட்டவர்கள், 2024 அக்டோபரில் கனமழை அறிவிப்பு வந்ததும் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மழை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்பதற்காக அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் அதை நல்ல செய்கை என்றே சொல்வேன். எச்சரிக்கையைக் கேட்டு நடக்கிற மனம் வளரப் பல உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு மேகத்துக்கும் ‘பகீர்’ என்று எழுதி அந்த மனத்தைச் செலவழிக்காதீர்கள். நிஜமான கஜா மறுபடி வரும் நாளில் அது எங்களுக்கு வேண்டும்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2020 ஆகஸ்ட் 5 அன்று பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தார், செப்டம்பர் 25 அன்று மறைந்தார். இடைப்பட்ட வாரங்களில் மகன் சரண் தன் தந்தையின் நிலையைக் காணொளி வழியாக அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். தந்தை அந்த நிலையில் இருக்கும்போது வதந்தியை மறுக்கும் வேலையும் அந்த மகனின் தலையில் விழுந்தது. பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் அன்போடு பேசத் தெரிந்தவர்கள், ஒரு பாடகர் காய்ச்சலில் படுத்ததும் கறுப்புவெள்ளைப் படத்தையும் ‘கண்ணீரில் திரையுலகம்’ என்பதையும் எடுத்துத் தயாராக வைத்திருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் பக்க நியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். ‘நேர்மையாகத் தலைப்பு வைத்தால் யாரும் திறப்பதில்லை. அல்காரிதம் அப்படி’ என்கிறீர்கள். இதில் பாதி உண்மை. ஆர்வத்தைத் தூண்டாத தலைப்பு காணொளியைப் புதைத்துவிடும். அறிவியல் காணொளிகள் செய்யும் டெரெக் முல்லர் 2021இல் இதைப் பற்றியே ஒரு காணொளி வெளியிட்டார். தலைப்பையும் படத்தையும் மாற்றியதும் பார்வைகள் எப்படி ஏறின என்பதை ஒளிக்காமல் காட்டினார். ஈர்ப்பது வேறு, ஏமாற்றுவது வேறு என்பதையும் பிரித்துச் சொன்னார். அந்தப் பிரிவு எனக்கு முழுச் சம்மதம். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் மாலைப் பத்திரிகைப் போஸ்டரும் நம்மை நிறுத்திப் படிக்கத்தான் வைத்தது. ஈர்க்கத் தெரிவது ஒரு திறமை, அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மீதிப் பாதி உண்மையல்ல. யூடியூப் 2012இலேயே பார்வை எண்ணிக்கையை விட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முதலிடம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில்களை வைத்துச் சோதிக்கும் வசதியை இப்போது தந்திருக்கிறார்களே, அதிலும் வென்றது எது என்று முடிவுசெய்வது பார்த்த நேரத்தை வைத்துத்தான். ஏமாந்து உள்ளே வந்தவர் இருபதாம் நொடியில் வெளியேறினால் அந்தக் கணக்கில் உங்களுக்குப் பயனில்லை. 2024 டிசம்பரில், தலைப்பும் படமும் சொல்வது காணொளிக்குள் இல்லாத மோசமான ஏமாற்றுகளை, குறிப்பாகச் செய்தியிலும் நடப்பு நிகழ்வுகளிலும், இந்தியாவில் கடுமையாகக் கையாளப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. நிறுவனத்தின் நடவடிக்கையை நம்பி நான் எழுதவில்லை. ஒரு கணினி நிரல் மெட்ஃபார்மின் தலைப்பைக் கண்டுபிடித்து நிறுத்தும் என்று எனக்கு எதிர்பார்ப்பும் இல்லை. அதை நிறுத்தக்கூடியவர் அதை எழுதியவர்தான்.

நிதானமாகப் பேசினால் தமிழ் மக்கள் கேட்க மாட்டார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் பெயரெடுத்தது எப்படி? 2015 மழையின்போதும் 2016 வர்தா புயலின்போதும், எங்கே எவ்வளவு மழை, எப்போது நிற்கும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று பதற்றமில்லாமல் எழுதித்தான். பயந்து கிடந்த மக்கள் பயமுறுத்துகிறவரைத் தேடிப் போகவில்லை. பயத்துக்கு அளவு சொல்கிறவரைத் தேடிப் போனார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தலைப்பை எழுதியதும், இதைத் திறக்கவே போகாத ஒருவர் இந்த வரியை மட்டும் நம்பி நடந்தால் அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் பாருங்கள். கெடுதல் வரும் என்றால் அந்த வரி வேண்டாம். ‘இந்தச் சுகர் மாத்திரை நரம்பைக் கொல்லும்!’ என்பதற்குப் பதில் ‘மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்களா? பி12 பாத்துக்குங்க, மாத்திரைய விடாதீங்க’ என்று வையுங்கள். அதிலும் ஆர்வம் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவர் நின்று படிப்பார், பி12 என்றால் என்ன என்று திறப்பார், திறக்காமல் போனாலும் இரண்டு உண்மையோடு போவார். ‘கொலஸ்ட்ரால் மாத்திரை: உஷார்!’ என்பதை ‘கொலஸ்ட்ரால் மாத்திரையால் உடம்பு வலியா? டாக்டரிடம் இதைச் சொல்லுங்க’ என்று மாற்றலாம். ‘வாழைப்பழம் சுகருக்கு விஷம்’ என்பதை ‘சுகர் இருந்தா வாழைப்பழம் எவ்வளவு சாப்பிடலாம்?’ என்று மாற்றலாம். மழைக்கு, எந்த மாவட்டம், எந்த நாள் என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும். அந்த மாவட்டத்துக்காரர் கட்டாயம் திறப்பார், அடுத்த மாவட்டத்துக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

தம்ப்நெயில் செய்து தரும் தம்பி தங்கைகள் தனியாக இருக்கிறார்கள், அவர்கள்தான் எழுதுகிறார்கள் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொடுக்கிற சம்பளத்துக்கு ஒரு நாளில் எத்தனையோ படம் செய்கிறார்கள், பாதிக் காணொளியைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் தரப்படுவதில்லை. முகம் உங்களுடையது, பட்டம் உங்களுடையது. அனுப்புவதற்கு முன் அந்த ஒரு வரியை நீங்களே படித்துவிட்டு அனுப்புங்கள்.

பழைய காணொளிகளும் இருக்கின்றன. ஏற்கெனவே ஏற்றியதன் தலைப்பையும் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியும். காணொளியைத் தொடவே வேண்டாம். மாத்திரை, ஊசி, அறுவைச் சிகிச்சை, தடுப்பூசி பற்றியவற்றிலிருந்து தொடங்குங்கள். அவை இப்போதும் யாரோ ஒருவர் வீட்டுத் திரையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு அந்தப் பி12 காணொளி உண்மையிலேயே பயன்படும். கூட்டம் நிற்கிற நேரத்தில் என்னால் இரண்டு நிமிடத்துக்கு மேல் யாருக்கும் விளக்க முடியாது. நீங்கள் பதினைந்து நிமிடம் விளக்கியிருக்கிறீர்கள், என்னைவிட நன்றாகவே. அவர்கள் கைப்பேசிக்கு அதை அனுப்பி வைக்க எனக்கு ஆசை. ஆனால் அனுப்பினால் முதலில் போய்ச் சேர்வது ‘நரம்பைக் கொல்லும்’ என்ற அட்டை. அதனால் இதுவரை ஒருவருக்கும் அனுப்பவில்லை. தலைப்பை மாற்றுங்கள், அன்றைக்கே அனுப்பத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
ஒரு மருந்துக்கடைக்காரர்